‘மனசு நல்லா இருக்கா?’ 5 கேள்விகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

காட்டுப்பள்ளியில் நைட் ஷிப்ட் முடித்து, பகலில் தூங்கும் தொழிலாளியிடம் ‘காலையில் எழும்போது ஃபிரெஷ்ஷா இருந்தீங்களா?’ என்று கேட்டால் என்ன சொல்வார்?

டபிள்யூஹெச்ஓ-5 என்றால் என்ன?

உலக சுகாதார அமைப்பு 1998-ல் வெளியிட்ட மனநலக் கேள்வித்தாள் இது. கடந்த 2 வாரங்களில் மகிழ்ச்சி, நிம்மதி, சுறுசுறுப்பு, தூங்கி எழும்போது புத்துணர்ச்சி, அன்றாட வாழ்வில் ஆர்வம் எப்படி இருந்தன எனக் கேட்கும். நோயைப் பற்றிக் கேள்வியே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4-ஆல் பெருக்க வேண்டும். 100-க்கு 50-க்குக் கீழே வந்தால், மனச்சோர்வு இருக்கிறதா எனப் பார்ப்பது வழக்கம்.

சிக்கல் எங்கே?

மூலத்தில் ‘காலை’ என்ற சொல்லே இல்லை. மொழிபெயர்ப்பில் அது நுழைந்தால், நைட் ஷிப்ட்காரரின் மதிப்பெண் தப்பாகிவிடும்.

எப்படி சரிபார்ப்பார்கள்?

* இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள்.
* மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்.
* ‘இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிஞ்சுது?’ என்று சிலரிடம் கேட்பார்கள்.
* சில நாள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்பார்கள். நிலைமை மாறாதவர்களின் மதிப்பெண்ணும் பெரிதாக மாறக்கூடாது.
* மனநல மருத்துவரின் மதிப்பீட்டோடு ஒப்பிடுவார்கள்.

இதைத் தவிர்த்தால், உதவி தேவைப்படுபவர் ‘நல்லா இருக்கார்’ பட்டியலில் போய்விடலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியிலும் இதே சோதனை தேவை.

மதிப்பெண் குறைந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. மனம்விட்டுப் பேச, டெலி மானஸ் இலவச எண்: 14416.