வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்!



டிசம்பர் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை லீவு, கூடவே கிறிஸ்துமஸ். ‘நாலு நாள் எங்காவது போய் வருவோமே’ என்று எல்லா வீட்டிலும் பேச்சு வரும். போய் வந்த பிறகு, ‘ஏன்தான் போனோமோ’ என்று நாம் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் அப்படிப் பட்டவள்தான். பட்ட பிறகு புத்தி வந்து, 2024 கிறிஸ்துமஸுக்குக் காரைக்குடியிலிருந்து வேளாங்கண்ணி போய் வந்த அனுபவத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பட்ட கதை. 2022 கிறிஸ்துமஸ் லீவில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். முதல் நாள் ராத்திரி 12 மணி வரை முறுக்கு சுட்டேன். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இட்லி, புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். போதாததற்குக் கரண்ட் குக்கர், அரிசி, பருப்பு, ஊறுகாய் என்று ஒரு சாக்குப் பை. அங்கே போனால், போனில் சொன்ன வாடகை ஒன்று, இறங்கியதும் கேட்ட வாடகை வேறொன்று! வேறு ரூம் தேடி அலைந்து, குளிரில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து, நானும் என் கணவரும் பிள்ளைகள் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டோம்.

அப்போது என் மாமா (கணவரின் அப்பா) சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஊருக்குப் போறதுன்னா வீட்டை விட்டுட்டு வரணும்த்தா. நீ வீட்டையே தூக்கிட்டு வந்திருக்கே!”

அந்த மாமா 2024 ஜூன் மாதம் காலமாகிவிட்டார்.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் நாங்கள் நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம். ஒவ்வொரு வருஷமும் குடில் கட்டுவது மாமாதான். அவர் உட்காரும் பட்டாசாலையில் கிறிஸ்துமஸ் அன்று அத்தை தனியாக உட்கார்ந்திருப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அடக்கத்தன்று அழுததோடு சரி, அதற்கப்புறம் அத்தை வாய்விட்டு அழவே இல்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. “இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாம வீட்ல இருக்க வேணாங்க” என்று என் கணவரிடம் சொன்னேன். துணிக்கும் பலகாரத்துக்கும் ஆகிற பணத்தைப் பயணத்துக்கு ஒதுக்கினோம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரையும் உட்கார வைத்து ஒரு நோட்டை எடுத்தேன். ‘ஆளுக்கு ஒரு ஆசை மட்டும் சொல்லுங்க’ என்றேன். பெரியவள் நள்ளிரவுப் பூசை பார்க்க வேண்டும் என்றாள். சின்னவனுக்கு மணலில் விளையாட வேண்டும். என் கணவருக்கு ஒருநாள் மதியம் தூங்க வேண்டும். நான், ‘3 நாளைக்கு அடுப்பு பற்ற வைக்க மாட்டேன்’ என்றேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் விடவில்லை!

அத்தை மட்டும், “எனக்கு ஒண்ணும் வேணாம். கடல் பக்கம் மட்டும் கூப்பிடாதீங்க” என்றார்கள். காரணம் எங்களுக்குத் தெரியும். 2004 கிறிஸ்துமஸுக்கு மாமாவும் அத்தையும் வேளாங்கண்ணியில்தான் இருந்தார்கள். மறுநாள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம் என்று மாமா பிடிவாதமாக 25-ஆம் தேதி ராத்திரியே கிளப்பிக் கூட்டி வந்துவிட்டார். 26-ஆம் தேதி காலையில் சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்ரீகர்களும் அதில் நிறையப் பேர். அதன்பிறகு 20 வருஷமாக அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. “மாதாவைப் பார்த்துட்டு வந்துடலாம் அத்தை, கடலுக்குப் போக வேண்டாம்” என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம்.

இனி, நாங்கள் செய்த ஏற்பாடுகள். உங்களுக்கும் உதவும்.

தங்குமிடம்: வேளாங்கண்ணியில் பேராலயத்தாரே நடத்தும் விடுதிகள் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. நாங்கள் செப்டம்பரிலேயே ரூம் போட்டுவிட்டோம். தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, வெந்நீர் வருமா, கோயிலுக்கு நடக்கும் தூரமா என்று நான்கையும் கேட்டோம். முழங்கால் வலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வண்டி: எர்ணாகுளம் - வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. ஆனால் ராத்திரி நேரத்தில் அத்தையை ஏற்றி இறக்க முடியாது என்று வாடகைக் கார் பேசினோம். அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகப் போனோம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, எல்லோரும் இறங்கி நடந்தோம். ரயிலில் போகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 அன்று முன்பதிவு தொடங்கிவிடும்.

மூட்டை: ஆளுக்கு ஒரு பை. அவரவர் பையை அவரவர்தான் அடுக்க வேண்டும், அவரவர்தான் தூக்க வேண்டும். சின்னவன் இரண்டு பேன்ட்டை வைத்து, சட்டையை மறந்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை! ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டான். அடுத்த முறை மறக்க மாட்டான்.

மருந்து: அத்தையின் சர்க்கரை மாத்திரையை இரண்டாகப் பிரித்து, பாதி அத்தை பையிலும் பாதி என் கைப்பையிலும் வைத்தேன். டாக்டர் சீட்டைக் கைபேசியில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு: வழியில் மதியத்துக்கு மட்டும் புளிச்சோறும் துவையலும். அதுவும் என் கணவர் கிளறியது. உப்பு கொஞ்சம் தூக்கல்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. மற்ற வேளைக்கெல்லாம் ஓட்டல்.

மழை: டிசம்பர் கடைசியிலும் அந்தப் பக்கம் மழை வரும். குடையும், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம்: சின்னவன் சட்டைப்பையில் எங்கள் இருவர் கைபேசி எண்ணையும் எழுதி வைத்தேன். ‘யாராவது காணாமல் போனால் கோயில் கொடிமரத்துக்கு வந்து நில்’ என்று போனவுடனே காட்டிக் கொடுத்தோம்.

வீடு: நகையை பேங்க் லாக்கரில் வைத்தோம். போலீஸ் ஸ்டேஷனில் ஊருக்குப் போவதை எழுதிக் கொடுத்தோம். சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம். ‘வேளாங்கண்ணியில் இருக்கிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. 3 நாளில் ஒரு அரை நாளை நோட்டில் ஒன்றுமே எழுதாமல் விட்டேன். 26-ஆம் தேதி காலை. ‘சும்மா இருப்பது’ என்று மட்டும் போட்டிருந்தேன்.

24 ராத்திரி விண்மீன் ஆலயத்தில் சீக்கிரமே போய் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பெரியவள் ஆசை நிறைவேறியது. சின்னவன் பாலன் பிறக்கும் முன்னே என் மடியில் தூங்கிவிட்டான். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

26 காலை நாங்கள் சும்மா இருந்தோம். சுனாமி வந்து சரியாக 20 வருஷம் முடிந்த நாள் அது. நினைவு ஸ்தூபிக்கு ஊர்வலம் போகிறது என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். அத்தை காதில் விழுந்துவிட்டது. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். “என்னையக் கூட்டிட்டுப் போத்தா” என்று அவர்களே எழுந்துவிட்டார்கள்.

மும்மதத்தாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். ஜனங்கள் பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா வாய்விட்டு அழுதார். யாரை இழந்தாரோ! அத்தை போய் அவர் கையைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அப்படியே அழ ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்து அழுகை. நான் தடுக்கவில்லை. ‘நேரமாச்சு அத்தை’ என்று இழுத்துக்கொண்டு போக அன்று வேறு வேலை எதுவும் எங்களுக்கு இல்லையே!

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க மாமா இருந்தா இந்நேரம் டீ வாங்கித் தந்திருப்பார்” என்றார்கள். என் கணவர் ஓடிப்போய் வாங்கி வந்தார். சர்க்கரை இல்லாமல்தான்! அப்புறம் அத்தையே பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்கள். அலை பக்கம் போகவில்லை. தள்ளி உட்கார்ந்து, அவன் மணலில் வீடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். ஆச்சி இட்லி அவித்து வைத்திருந்தார்கள். அன்று அத்தை நான்கு இட்லி சாப்பிட்டார்கள்.

சகோதரிகளே, எல்லாவற்றையும் திட்டம் போடுங்கள். ஆனால் அரை நாளை மட்டும் வெறுமனே விட்டு வையுங்கள். வீட்டில் யாருக்கு அது தேவைப்படும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. முக்கியமாக, கரண்ட் குக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

- ஒரு வாசகி, காரைக்குடி.