பெட்டைக் குதிரையிற் காணப்படும் காரணந் தெரியாக் காயங்கள்

இலங்கையிற் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. நுவரெலியாவிற் சவாரிக்கென வைத்திருக்கும் குதிரைகளும், கொழும்பு முதலிய இடங்களிலுள்ள சவாரிப் பயிற்சி நிலையங்களின் குதிரைகளும், நெடுந்தீவின் வெளிகளிற் கட்டின்றித் திரியும் குதிரைகளுமே இன்று பெரும்பாலும் காணப்படுவன. மாட்டைப் பற்றி நம்மவரிடையே வழிவழி வந்த அறிவு மிகுதி. குதிரையைப் பற்றியதோ குறைவு. ஆதலின் மாட்டுக்குச் செய்யும் வைத்தியத்தையே பலர் குதிரைக்குஞ் செய்துவிடுகின்றனர். அதனால் விளையுந் தீங்கு சிறிதன்று.

மாலையில் நல்ல நிலையில் மேய்ச்சலுக்கு விடப்பட்ட பெட்டைக் குதிரை, காலையிற் காலை ஊன்றமாட்டாது நிற்கின்றது. அல்லது அதன் மார்பிலோ தொடையிலோ இரத்தம் உறைந்திருக்கின்றது. நடந்ததைக் கண்டவர் எவருமிலர். இந்நிலையில், காயம் பெரிதாயின் உரிமையாளர் கலங்குகின்றனர்; சிறிதாயின் மஞ்சளும் எண்ணெயும் பூசிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றனர். இவ்விரண்டுந் தவறு. காயத்தின் அபாயம் அதன் அளவைப் பொறுத்ததன்று. அது எவ்விடத்தில் உள்ளது, எவ்வளவு ஆழமானது, எதனால் உண்டானது என்பவற்றையே பொறுத்தது. காரணந் தெரியாதவிடத்து, ஆழமானதும் அழுக்கேறியதுமான காயமாகவே அதனைக் கொண்டு நடத்தல் வேண்டும்.

ஏற்புவலி

காரணந் தெரியாக் காயத்தில் முதலில் அஞ்சவேண்டியது ஏற்புவலியாகும். வளர்ப்பு விலங்குகளுள் இந்நோய்க்கு மிக எளிதில் இலக்காவது குதிரையே. நோயை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாதிருக்கும். காற்றுப்படாத இடத்திலேயே அவை பெருகுவன. எனவே, அகலத் திறந்து இரத்தம் ஓடிய காயத்தைவிட, ஆணியோ முள்ளோ குத்தி மேல்வாய் மூடிக்கொண்ட சிறு துளையே அவற்றிற்கு ஏற்ற இடம்.

நோய்க்குறிகள் பெரும்பாலும் ஒரு வாரத்திற்கும் மூன்று வாரத்திற்கும் இடையில் தோன்றும். அதற்குள் காயம் ஆறி மறைந்துவிடுதலும் உண்டு. குதிரை மரக்குதிரை போல் நான்கு கால்களையும் அகற்றி விறைத்து நிற்கும், வால் சற்று உயர்ந்து நிற்கும், காதுகள் விறைக்கும், தாடை இறுகி இரை உண்ண இயலாது போகும். கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமை வெளிப்பட்டுக் கண்ணை ஓரளவு மூடும். குறிகள் தோன்றியபின் பிழைப்பவை சிலவே. தோன்றுமுன் தடுத்தலோ எளிது. ஆகவே, காயம் எத்துணைச் சிறியதாயினும், குதிரைக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா, எப்போது ஏற்றப்பட்டது என்பதை அன்றே கால்நடை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும். முன்னர் ஊசி ஏற்றப்படாத குதிரைக்கு உடனடிப் பாதுகாப்பளிக்கும் நச்செதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். ஏற்றப்பட்டு ஆறு மாதங்களுக்கு மேலாயின் மீண்டும் ஓர் ஊசி ஏற்றுவது வழக்கம்.

அணுகும் முறை

நோவுற்ற குதிரை, எத்துணைப் பழகியதாயினும், அச்சத்தால் உதைக்கும், கடிக்கும். பின்புறமாகச் செல்லலாகாது. மெதுவாகப் பேசிக்கொண்டு, அதன் இடப்பக்கத் தோளை நோக்கிச் சென்று தலைக்கயிற்றை இடுக. ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் பார்வையிடல் நன்று. இருவரும் குதிரையின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். பாலூட்டுங் குட்டி இருப்பின் அதனைத் தாயின் கண்ணுக்கு மறைக்கலாகாது. குட்டியைக் காணாத தாய் அமைதியாய் நில்லாது.

முதலிற் பார்க்க வேண்டியவை

காயத்தைத் தொடுமுன் குதிரையின் பொது நிலையை அறிந்துகொள்க. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்கும். மலவாயில் வைத்துப் பார்க்கும் உடல் வெப்பநிலை 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரையாகும். மேலுதட்டை உயர்த்தி ஈறைப் பார்க்க. அது இளஞ்சிவப்பாயிருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டுஞ் சிவக்க வேண்டும். ஈறு வெளிறியும், நாடி 60 இற்கு மேல் விரைந்துமிருப்பின் இரத்த இழப்போ கடும் நோவோ உண்டென்று கொள்க. இவ்வெண்களை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு பேசினால், தொலைவிலிருக்கும் வைத்தியரும் நிலைமையைத் தெளிவாக அறிந்துகொள்வார்.

அடுத்து, உடல் முழுவதையும் கையாற் தடவிப் பார்த்தல் வேண்டும். கண்ணிற்பட்ட ஒரு காயத்தோடு நின்றுவிடலாகாது. கழுத்து, மார்பு, முன்கால், வயிறு, தொடையின் உட்புறம், மடி, வாலின் கீழ் என முறையாகச் செல்க. புறங்கையை வைத்து ஒரு காலின் சூட்டை மற்றக் காலின் சூட்டோடு ஒப்பிடுக. புறக்காயம் எதுவுமின்றிக் குதிரை திடீரென நொண்டுமாயின் முதலிற் குளம்பையே ஐயுற வேண்டும். குளம்பைச் சுத்தஞ் செய்து, அடிப்பகுதியையும் அதன் நடுவிலுள்ள முக்கோண வடிவான மென்பகுதியையும் உற்று நோக்குக. ஆணி குத்திய துளை ஒரு கரும்புள்ளியளவே தோன்றலாம். உள்ளே சீழ் கட்டியிருப்பின் குளம்பு சுடும். குதிரை நுனிக்குளம்பை மட்டும் நிலத்தில் வைக்கும்.

காயத்தின் தோற்றமும் காரணமும்

காயத்தின் வடிவம் பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும். முட்கம்பியாலாகிய காயம் ஓரங் கிழிந்து, தோல் தொங்கி, மார்பிலும் முன்காலிலும் காணப்படும். பனை மட்டையின் கருக்கு, சமாந்தரமான பல கீறல்களை உண்டாக்கும். நெடுந்தீவில் கல்லடுக்கி எழுப்பிய வேலிகளைத் தாண்டும்போது முழங்காலிலும் குளம்பின் மேற்புறத்திலும் சிராய்ப்புகள் உண்டாகும். மற்றைய குதிரையின் உதை, தோலைக் கிழியாமலே பெரும் வீக்கத்தையும் சில வேளை எலும்பு வெடிப்பையும் விளைவிக்கும். ஆண்குதிரையின் கடி, கழுத்தின் மேற்புறத்திலும் முதுகின் மேட்டிலும் வளைந்த பற்றடமாகத் தோன்றும்.

மலைநாட்டிற் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுஞ் சுருக்குக் கம்பியிற் கால் அகப்பட்டால், குளம்புக்கு மேலே வளையம் போன்ற காயம் இருக்கும். மேலே சிறிதாய்த் தோன்றினும் கம்பி தசைநாண்வரை அறுத்திருத்தல் கூடும். கம்பித் துண்டு உள்ளே தங்கியுள்ளதா என்று ஆராய்தல் அவசியம்.

முகமோ காலோ விரைவில் வீங்கி, இரண்டு சிறு துளைகளிலிருந்து இரத்தங் கசியுமாயின் பாம்புக்கடியை ஐயுறுக. குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிட வல்லது. மூக்கு வீங்கினால் மூச்சடைத்து இறக்க நேரிடும். எனவே, அது காலந்தாழ்த்தத்தகாத நிலையாகும்.

நாயோ பிற விலங்கோ கடித்த அடையாளம் இருப்பின் விசர் நோயையும் நினைத்தல் வேண்டும். அக்காயத்தைக் கையுறையின்றித் தொடலாகாது. சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடம் கழுவுக. இரை விழுங்க மாட்டாது உமிழ்நீர் வடிக்கும் குதிரையின் வாயினுட் கையிடவே கூடாது. அதன் எச்சில் உங்கள் கைப்புண்ணிற் பட்டிருப்பின், புண்ணை அவ்வாறே கழுவியபின் உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க.

முதலுதவி

இரத்தம் பெருகுமாயின், சுத்தமான தடித்த துணியைக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க. இடையில் எடுத்துப் பார்க்கலாகாது. துணி நனைந்தால் அதன்மேல் வேறொன்றை வைக்க. இரத்தம் நின்றபின், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் கறியுப்பைக் கரைத்து, ஊசியற்ற பெரிய பீச்சுக்குழலாற் காயத்தைப் பலமுறை கழுவுக. வைத்தியர் தந்த அயடீன் கிருமிகொல்லி இருப்பின், இலேசான தேநீரின் நிறம் வரும்வரை நீரிற் கலந்து பயன்படுத்தலாம். செறிவு கூடினால் அது ஆறும் தசையையே கெடுக்கும்.

கழுவியபின் சுத்தமான துணியால் மூடுக. கால்களாயின் அதன்மேற் பஞ்சு பரப்பி, ஓரிடத்தில் இறுகாமற் சீராகச் சுற்றிக் கட்டுக. தையலிட வேண்டிய காயத்தை முதல் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் வைத்தியர் காணுதல் சிறந்தது.

செய்யலாகாதவை

1. மண்ணெண்ணெய், சாம்பல், சாணம், சுண்ணாம்பு ஆகியவற்றைக் காயத்தில் இடலாகாது. அவை தசையை எரிக்கும், அல்லது கிருமியைப் புகுத்தும்.
2. ஆழப் புதைந்த கழியையோ கம்பியையோ பிடுங்கலாகாது. குளம்பிற் குத்திய ஆணியையும், வைத்தியர் விரைவில் வருவாராயின், அப்படியே விட்டுக் குதிரையை நடவாமல் நிறுத்துக. ஆணி சென்ற வழியை எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவர் காணல் வேண்டும். மேலும் உள்ளே ஏறுமென்று அஞ்சினால் மட்டும், இடத்தை அடையாளமிட்டு, நேராக இழுத்தெடுத்து, ஆணியைப் பத்திரப்படுத்துக.
3. கயிற்றால் காலை இறுகக் கட்டி இரத்தத்தை நிறுத்த முயலலாகாது.
4. மனிதருக்குரிய நோவு மாத்திரைகளையும், வேறொரு விலங்குக்கு வாங்கி மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் கொடுக்கலாகாது.
5. வைத்தியர் பார்க்குமுன் நிறமுள்ள மருந்துகளைப் பூசலாகாது. அவை காயத்தின் உண்மை நிலையை மறைக்கும்.

பெட்டைக் குதிரைக்கே உரியவை

சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். சினைக்குதிரையின் வயிற்றில் உதை பட்டிருப்பின், பிறப்புவாயிலிற் கசிவு உண்டா, காலத்துக்கு முன்னரே மடியிற் பால் சுரக்கின்றதா என்பவற்றைப் பல நாட்கள் கவனித்தல் வேண்டும். சினையின் மாதத்தை வைத்தியரிடம் மறவாது கூறுக. சில மருந்துகள் சினைக்காலத்துக்கு ஏலாதவை. வாலின் கீழ் இரத்தங் காணப்பட்டால் அது மேய்ச்சற் காயமன்று. இணைசேர்ந்தபோதோ குட்டியீன்றபோதோ உண்டான கிழிவாயிருக்கலாம். மடியிற் காயம் பட்ட தாய், நோவினாற் குட்டியை உதைத்து விலக்கும். குட்டியின் பசியை உடனே கவனிக்க. ஏற்புவலித் தடுப்பூசியை ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன் ஏற்றுவித்தால், கடும்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

காத்திராமல் வைத்தியரை அழைக்க வேண்டிய நிலைகள்

மூட்டுக்கு அண்மையிற் காயம் இருந்து, அதிலிருந்து முட்டை வெண்கரு போன்ற பிசுபிசுத்த நீர் கசிதல், மார்பு அல்லது வயிற்றுச் சுவர் துளைக்கப்படல், காலிற் பாரம் ஊன்ற முடியாமை, கண்ணைத் திறவாது நீர் வடித்தல், இரத்தம் நில்லாமை, பாம்புக்கடி ஐயம் ஆகியன. இவற்றுள் மூட்டுக் காயமே பெரும்பாலும் ஏமாற்றுவது. ஓரங்குலக் கீறலாய்த் தோன்றும்; முதல் நாள் குதிரை நன்றாக நடக்கவுங் கூடும். மூட்டினுட் கிருமி புகுந்து ஒரு நாள் கழிந்துவிட்டால், பின் அக்குதிரை சவாரிக்கோ பாரத்துக்கோ உதவாது போகலாம்.

நெடுந்தீவில் உள்ளோர் குறிகட்டுவானிலிருந்து வரும் படகை நம்பியிருப்பவர். ஆகவே, முதற் சில மணி நேரப் பணி அவர்கள் கையிலேயே உள்ளது. கட்டின்றித் திரியுங் குதிரையைத் துரத்திப் பிடிக்க முயலலாகாது. ஓட்டத்தாற் காயம் பெருகும். இத்தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டிற் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. காயமுற்ற குதிரையைக் கண்ட இடத்தையும் நேரத்தையுங் குறித்து வனசீவராசிகள் திணைக்கள அலுவலருக்கு அறிவித்தலே முறை.

பின்னர்க் கவனிக்க வேண்டியவை

குதிரையின் முன்முழங்காலுக்கும் பின்கால் மூட்டுக்கும் கீழேயுள்ள காயங்களில், தசை அளவுக்கு மீறி வளர்ந்து தோலுக்கு மேலே புடைத்து நிற்பதுண்டு. அவ்வாறாயின் காயம் மூடாது. அதனைக் காரமான மருந்தால் எரிக்காது வைத்தியரிடங் காட்டி நீக்குவித்தல் வேண்டும். ஈ மொய்க்காவண்ணம் கட்டை மூடி வைக்க. நனைந்தாலும் நாற்றம் வந்தாலும் உடனே மாற்றுக. காலை மாலை வெப்பநிலையைக் குறித்து வருக. மூன்று வாரம்வரை தாடையையும் கண்ணையும் நாள்தோறும் பார்த்தல் நன்று.

காரணத்தைத் தேடல்

குதிரையைத் தொழுவிற் கட்டியபின் வேலை முடிந்துவிடவில்லை. அன்றே மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். வேலியில் மயிர் சிக்கியுள்ளதா, கம்பி தளர்ந்துள்ளதா, மண்ணிற் சறுக்கிய குளம்படி உண்டா, பழைய தகடு, போத்தற் துண்டு, கூரையிலிருந்து விழுந்த ஆணி முதலியன கிடக்கின்றனவா என்று ஆராய்க. உயரத்தை மறவற்க: காயம் நிலத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளதோ, அவ்வுயரத்திலேயே காரணத்தையுந் தேடுதல் வேண்டும். தொழுவின் கதவுத் தாழும், தொட்டியின் விளிம்பும், சேணத்தின் வாரும் இதற்கு விலக்கல்ல.

காரணம் அகப்படாதபோது அயலவர் மீது ஐயங் கொள்ளுதல் மனித இயல்பு. அயலவரை ஐயுறுமுன் வேலியை ஐயுறுக. கத்தியால் வெட்டியது போன்ற நேரிய காயத்தைத் தகட்டின் விளிம்பும் உண்டாக்கும். வைத்தியர் பார்த்து, இது மனிதர் செயலே எனக் கருதுவாராயின், அப்போது பொலிசாரிடம் முறையிடலாம்.

ஒரு கொப்பியிற் திகதி, காயத்தின் இடம், உயரம், கண்ட நேரம், தடுப்பூசி விவரம், செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுதி வைத்தல் ஒவ்வோர் உரிமையாளருக்கும் உரிய கடமை. இரண்டாம் முறை அதே இடத்திற் காயம் நேரும்போது, முன்னர் எழுதியதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் விளங்கும். விளங்கிய காரணத்தை நீக்குதல் ஒரு குறடும் ஒரு முழக் கம்பியுங் கொண்டு முடியும் வேலையே. நீக்காது விட்டால் அடுத்த காயம் குட்டியினதாயிருக்கலாம்.