வெற்று இசைத் தட்டு வாங்கப் போகிறீர்களா?

எல்லாத் தட்டும் பளபளக்கும். பாட்டு நிற்பது எதில்?

ஓசூரில் ஒரு வீடு. வீட்டுக்காரருக்குத் தமிழ். மனைவிக்குத் தெலுங்கு. பக்கத்து வீட்டில் கன்னடம். பிள்ளைகளுக்கோ மூன்றும் தண்ணீர் பட்ட பாடு!

இப்படி ஒரு வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓசூரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். டைட்டன் கைக்கடிகாரம், டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள், அசோக் லேலண்ட் லாரி என்று தொழிற்சாலைகள் வந்த பிறகு, நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறிய ஊர் அது.

இந்த வீட்டுக்குப் பாட்டு வேண்டும். கடையில் விற்ற தமிழ்த் தட்டில் தமிழ்ப் பாட்டுதான் இருக்கும். கன்னடத் தட்டில் கன்னடப் பாட்டுதான் இருக்கும். அம்மாவுக்குப் பிடித்த தெலுங்குப் பாட்டு நாலு, அப்பாவுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டு பத்து, கன்னட பக்திப் பாட்டு இரண்டு - இப்படிக் கலந்து ஒரே தட்டில் யார் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள். அவர்களே பதிந்துகொள்ள வேண்டியதுதான்.

முன்பு அதற்கு கேசட் இருந்தது. பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதி, ரிக்கார்டிங் கடையில் கொடுப்பார்கள். 60 நிமிட கேசட், 90 நிமிட கேசட் என்று கேட்பார்கள். நாலு நாள் கழித்துப் போனால் பாட்டு தயார். பிறகு வெற்று சி.டி. வந்தது. வீட்டுக் கணிப்பொறியிலேயே வேலை முடிந்தது!

இன்று பாட்டு கைப்பேசியில் வருகிறது. உண்மைதான். ஆனாலும் பழைய காரில் சி.டி. பெட்டி இருக்கிறது. வீட்டு அலமாரியில் பழைய பாட்டுப் பெட்டி இருக்கிறது. புதுக் கணிப்பொறியில் தட்டு போடும் வாய் இல்லாவிட்டால், வெளியே செருகும் பதிவுக் கருவி தனியாகக் கிடைக்கிறது. வெற்றுத் தட்டும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பச்சை குத்தியதா? மருதாணியா?

கம்பெனி விற்கும் பாட்டுத் தட்டும், வீட்டில் பதியும் தட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. அகலம் 12 சென்டிமீட்டர். கனம் 1.2 மில்லிமீட்டர். ஆனால் உள்ளே இருப்பது வேறு.

கம்பெனித் தட்டில் பாட்டு, நுண்ணிய குழிகளாகப் பிளாஸ்டிக்கிலேயே அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். அது பச்சை குத்தியது போல. லேசில் போகாது.

வீட்டில் பதியும் தட்டு மருதாணி போல. அதில் ஒரு சாயம் பூசியிருக்கிறார்கள். தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத மெல்லிய பூச்சு! பதிவுக் கருவியின் லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி புள்ளியாக மாற்றுகிறது. அந்தப் புள்ளிகள்தான் பாட்டு. உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் வரை, சுருண்டு சுருண்டு ஒரே கோடாகப் போகிறது. அந்தக் கோட்டை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

சாயத்துக்கு மேல் வெள்ளிப் பூச்சு. அதற்கு மேல் ஒரு வார்னிஷ். அதற்கு மேல் கம்பெனியின் பெயர். அவ்வளவுதான். சாயம் வெளுத்தால் பாட்டும் வெளுத்தது!

பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982-ல் விற்பனைக்கு வந்தது. பதியக்கூடிய தட்டைச் செய்து காட்டியது ஜப்பானின் தாயோ யூடன் கம்பெனி. ஆண்டு 1988. முதலில் பதிவுக் கருவியின் விலை பணக்காரர்களையே மலைக்க வைத்தது. 1995-ல்தான் ஆயிரம் டாலருக்குக் குறைந்த கருவி வந்தது. பிறகு விலை சரிந்தது. சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் தட்டு வாங்குகிறவர் பெட்டியின் மேல் படத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது தட்டின் அடிப்பக்கம்!

அடிப்பக்கம் பச்சை கலந்த நீலமாக இருந்தால், பெரும்பாலும் அது சயனின் என்ற சாயம். முதலில் வந்தது இதுதான். வெயிலுக்கு இது பயப்படும். ஆழ்ந்த நீலமாக இருந்தால் அசோ என்ற சாயம். ஏறக்குறைய நிறமே இல்லாமல், லேசான பொன் மஞ்சளாக இருந்தால் தாலோசயனின் என்ற சாயம். பெயர் வாயில் நுழையவில்லையா? நிறத்தை நினைவில் வைத்தால் போதும்.

இவற்றில் நீண்ட நாள் நிற்பது எது? கனடா நாட்டின் அரசுப் பாதுகாப்புக் கழகம் இதை ஆராய்ந்து கணக்குச் சொல்லியிருக்கிறது. தாலோசயனின் சாயமும் பொன் பூச்சும் சேர்ந்த தட்டு 100 ஆண்டுக்கு மேல் இருக்கலாம். அதே சாயமும் வெள்ளிப் பூச்சும் என்றால் 50 முதல் 100 ஆண்டு. மற்ற இரண்டு சாயங்களும் 20 முதல் 50 ஆண்டு. நல்ல தட்டை, நன்றாகப் பதிந்து, நன்றாக வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. மட்டமான தட்டு சில ஆண்டுகளிலேயே கைவிட்டுவிடும்.

பெட்டி ஒருவருடையது, தட்டு ஒருவருடையது

இங்கே ஒரு வேடிக்கை. பெட்டியின் மேல் பெயர் போட்டவர்தான் தட்டைச் செய்தவர் என்று நினைக்கக்கூடாது! பெயர் பெற்ற பல கம்பெனிகள் தட்டு செய்ததே இல்லை. வேறு தொழிற்சாலையில் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்றன.

அப்படி உலகத்துக்கே தட்டு செய்து கொடுத்த தொழிற்சாலை ஒன்று நம் நாட்டில் இருந்தது. அதுதான் மோசர் பேயர். 1983-ல் தொடங்கிய கம்பெனி. பிறகு கணிப்பொறிக்கான பிளாப்பி தட்டு செய்தது. 1999-ல் வெற்று சி.டி. செய்ய ஆரம்பித்தது. டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் தொழிற்சாலை. வெளிநாட்டுப் பெயரோடு வாங்கிய தட்டு நொய்டாவில் பிறந்ததாக இருந்ததும் உண்டு!

2007-ல் இந்தக் கம்பெனி சினிமாப் படத் தட்டுகளையும் விற்றது. வி.சி.டி. 28 ரூபாய். டி.வி.டி. 34 ரூபாய். திருட்டுத் தட்டு விலைக்கே அசல் தட்டு! தமிழ்ப் படங்களும் வந்தன. ஆனால் காலம் மாறியது. படமும் பாட்டும் இணையத்துக்குப் போய்விட்டன. கம்பெனி கடனில் மூழ்கியது. 2018-ல் அதைக் கலைத்துவிடும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஜப்பானின் தாயோ யூடன் அதற்கு முன்பே, 2015-ல், தட்டுத் தொழிலை விட்டுவிட்டது. வெர்பாட்டிம் என்ற பெயர் 2019-ல் தைவானின் சி.எம்.சி. கம்பெனிக்கு விற்கப்பட்டது.

ஊர் ஊராய்க் கதை சொல்வது எதற்காக? காரணம் இருக்கிறது. மூடிய கம்பெனியின் தட்டு இன்றும் ஏதாவது ஒரு கடை மூலையில் கிடக்கும். கடைக்காரர் மலிவாகத் தருவார். பதியாத வெற்றுத் தட்டுக்கும் ஆயுள் உண்டு. 5 முதல் 10 ஆண்டு என்பது செய்தவர்களே சொன்ன கணக்கு. ஆகவே பழைய சரக்கு மலிவு என்று 50 தட்டை அள்ளி வரக்கூடாது. ஒன்றிரண்டு வாங்கிப் பதிந்து பார்க்க வேண்டும். தட்டுக்குள்ளேயே தயாரிப்பாளரின் குறி பதிந்திருக்கும். அதைப் படித்துச் சொல்லும் நிரல்கள் கணிப்பொறிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

கடையில் கேட்க வேண்டியது

பாட்டுக்கு வேண்டியது சி.டி.ஆர். என்று எழுதிய தட்டு. அதில் 80 நிமிடம், 700 எம்.பி. என்றும் எழுதியிருக்கும்.

சி.டி.ஆர்.டபிள்யூ. என்று இன்னொன்று உண்டு. அதில் அழித்து அழித்து எழுதலாம். சுமார் ஆயிரம் தடவை எழுதலாம் என்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. பழைய பாட்டுப் பெட்டி அதைப் பார்த்து விழிக்கும்! டி.வி.டி. தட்டோ, சி.டி. பெட்டியில் பாடவே பாடாது.

பதியும்போது இரண்டு வழி உண்டு. "ஆடியோ சி.டி." என்று பதிந்தால் 80 நிமிடப் பாட்டு. பெரும்பாலான பழைய பெட்டிகள் பாடும். எம்.பி.3 கோப்புகளாகப் பதிந்தால் 100 பாட்டுக்கு மேல் அடங்கும். ஆனால் எம்.பி.3 என்று முகப்பில் எழுதியுள்ள பெட்டிதான் பாடும். தாத்தா வீட்டுப் பழைய பெட்டிக்கு முதல் வழியே சரி.

அட்டையில் 52 வேகம் என்று போட்டிருக்கும். அந்த வேகத்தில்தான் பதிய வேண்டும் என்று சட்டம் இல்லை. 16 அல்லது 24 வேகம் போதும். 16 வேகத்தில் முழுத் தட்டு 5 நிமிடத்தில் முடியும். அந்த அவசரம் போதாதா? கடைசியில் "பைனலைஸ்" என்று கணிப்பொறி கேட்கும். சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டுப் பெட்டிக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. சொந்த வீட்டில் கேட்கப் பதிவது வேறு. பிரதி எடுத்து விற்பது வேறு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அபராதம் 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் வரை. தமிழ்நாட்டில் 2004 முதல், திருட்டுப் பட வியாபாரிகள் மேல் குண்டர் சட்டமும் பாயும்.

தாத்தாவின் குரல்

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்ச்சியான இடம். தட்டுக்கு நல்லது. மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் வெயில் சுடும். கருங்கல் குவாரித் தூசும் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள், கண்ணாடிக்கு அடியில் தட்டை வைப்பது, அப்பளத்தை வைப்பது போலத்தான்!

பலர் தட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணாகக் காப்பார்கள். மேல்பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். தவறு! அடியில் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. லேசான கீறலைத் தாங்கும். மேலே வார்னிஷ்தான். அது கீறினால் வெள்ளிப் பூச்சோடு பாட்டும் உரிந்து வரும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதக்கூடாது. காகிதம் ஒட்டக்கூடாது. சி.டி.க்கென்று விற்கும் மென்மையான மார்க்கர் பேனா போதும். துடைத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேரே துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக்கூடாது.

சினிமாப் பாட்டு போனால் போகட்டும். வேறு இடத்தில் கிடைக்கும். 2000-ம் ஆண்டை ஒட்டிப் பல வீடுகளில் வேறு சிலவும் தட்டில் ஏறின. கல்யாணத்தில் பாட்டி பாடிய நலுங்குப் பாட்டு. ஊரில் விடிய விடிய நடந்த தெருக்கூத்து. கேசட்டில் இருந்து மாற்றிய தாத்தாவின் பேச்சு. அந்தக் கேசட்டையும் அப்போதே தூக்கிப் போட்டிருப்பார்கள்! இவை எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்தத் தட்டுகளுக்கு இப்போது 20 வயதுக்கு மேல் ஆகிறது.

அவற்றைச் சோதிப்பது எளிது. இருப்பதிலேயே பழைய தட்டை முதலில் எடுங்கள். முதல் பாட்டு நன்றாகப் பாடுகிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். தட்டு பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் முதலில் கெடும். கடைசிப் பாட்டு இருப்பது அங்கேதான். அதைப் போட்டுக் கேளுங்கள். ஒரு திக்கல், ஒரு "டிக் டிக்" சத்தம் வந்தாலும் போதும், அன்றைக்கே கணிப்பொறிக்கு ஏற்றிவிட வேண்டும். ஒரு கணிப்பொறி படிக்காத தட்டை, இன்னொரு கருவி படிப்பதும் உண்டு. இரண்டு மூன்று கருவிகளில் போட்டுப் பார்க்காமல் குப்பையில் எறிந்துவிட வேண்டாம்.