காடில்லாத சீமையில் வனவிலங்குப் படிப்பு

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் மன்னன்பந்தல் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல், வாய்க்கால், தென்னை, மூங்கில். காடு என்று சொல்ல எதுவும் இல்லை. 1955-ல் அங்கு நிறுவப்பட்ட அ.வ.அ. கல்லூரியில், 1980-களில் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் பட்டப் படிப்பு தொடங்கப்பட்டது.

யானையும் புலியும் இல்லாத ஊரில் இந்தப் படிப்பு எதற்கு என்று விவசாயிகள் கேட்பது இயல்பு. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. ஐந்து மா, பத்து மா நிலத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பத்தின் கேள்வி அது: இதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா? முதல் கேள்விக்கு விடை வயலிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சற்றுச் சிக்கலானது.

சூழலியல் என்றவுடன் மரக்கன்று நடுவதும் ஊர்வலம் போவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது ஒரு கணக்குப் படிப்பு. எது எதைத் தின்கிறது, எங்கே குடியிருக்கிறது, ஒன்று குறைந்தால் மற்றொன்று எவ்வளவு பெருகும் என்று எண்ணிப் பார்த்து எழுதுவது. அந்தக் கணக்கைக் கொண்டு எதைக் காப்பது, எப்படிக் காப்பது என்று முடிவு செய்வது பாதுகாப்பியல். இப்படிக் கணக்கெழுத நெல் வயலைவிட வசதியான இடம் அதிகமில்லை. தண்ணீர் வைத்த நாள் தெரியும், நட்ட நாள் தெரியும், மருந்தடித்த நாளும் தெரியும்.

கூகை கக்கிய உருண்டை

டெல்டாவில் பழைய கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் கூகைகள் குடியிருக்கின்றன. வெள்ளை முகம், அதுவும் வெற்றிலை வடிவில். பொன்னிறமும் சாம்பலும் கலந்த முதுகு. இரவில் ஓசையில்லாமல் பறக்கும். அதன் குஞ்சுகள் இரை கேட்டுச் சீறும் ஒலியைக் கேட்டு, கோபுரத்தில் பேய் மூச்சு விடுகிறது என்று பயந்தவர்களும் உண்டு. கூகை உட்கார்ந்த வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கையால் எத்தனையோ கூகைகள் கல்லடிபட்டுச் செத்திருக்கின்றன. இந்த நம்பிக்கையால் விவசாயிக்கு ஏற்பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல.

கூகை எலியை மென்று தின்பதில்லை. பெரும்பாலும் முழுதாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும். மயிரும் எலும்பும் செரிக்காமல் இரைப்பையில் திரண்டு, கட்டை விரலைவிடச் சற்றுப் பருத்த ஓர் உருண்டையாக வாய் வழியே வெளியே வரும். கூகை தங்கும் இடத்துக்குக் கீழே இந்த உருண்டைகள் குவிந்து கிடக்கும். பார்ப்பவர்கள் அதை எச்சம் என்று கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

1990-களில் இந்தக் கல்லூரியின் பேராசிரியர் கனகசபையும், நீலநாராயணன், நாகராஜன் ஆகிய ஆய்வாளர்களும் காவிரி டெல்டாவில் கூகையின் இரையை ஆராய்ந்தார்கள். முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். உருண்டைகளைச் சேகரித்து, பிரித்து, மயிரை நீக்கி எலும்பைத் தனியே எடுக்க வேண்டும். மண்டை ஓட்டையும் தாடையையும் பல்லையும் வைத்து இது எந்த எலி என்று இனம் காண வேண்டும். ஒரு மண்டை ஓடு என்றால் ஓர் உயிர். இப்படி நூற்றுக்கணக்கில் எண்ணினால், கூகை இரவில் என்ன தின்றது என்பது பகலில் மேசைமேல் தெரிந்துவிடும்.

தெரிய வந்தது இதுதான். கூகையின் இரையில் பெரும்பங்கு எலிகளே. புல் எலி, கரம்பை எலி, வயல் சுண்டெலி என்று நெல் விவசாயி எந்த எலிகளால் நஷ்டப்படுகிறாரோ அதே எலிகள். மூஞ்சூறும் கணிசமாக இருந்தது. பறவை, தவளை, பூச்சி எல்லாம் சிறு பங்குதான்.

கரம்பை எலி வரப்பில் வளை தோண்டி, தூரைச் சாய்வாக வெட்டி, முற்றிய கதிர்களை வளைக்குள் கொண்டுபோய்ச் சேமிக்கும். சினையான மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். இளம் பயிரை வெட்டினால் பக்கத் தூர் வெடித்து ஓரளவு ஈடு செய்யும். பொதிப் பருவத்தில் வெட்டினால் அதற்கு ஈடில்லை. அந்த நேரத்தில் இரவெல்லாம் கூலி கேட்காமல் காவல் காக்கும் பறவை என்று கூகையைச் சொன்னால் மிகையாகாது. அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் இருக்கும். அதனால் ஒலி வரும் திசையையும் உயரத்தையும் கணித்து, கும்மிருட்டிலும் எலிமேல் நேராக இறங்கிவிடும்.

வயலில் செய்ய வேண்டியது

ஏக்கருக்கு 15 முதல் 20 ஆந்தைத் தாங்கிகள் நட வேண்டும். கடைக்குப் போக வேண்டியதில்லை. காய்ந்த தென்னை மட்டையின் ஓலையைக் கழித்துவிட்டு, அகன்ற அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக ஊன்றினால் போதும். அந்த அகலத்தில் பறவை வசதியாக உட்காரும். மூங்கிலில் குறுக்குக் கட்டை கட்டியும் நடலாம். பயிருக்கு மேல் இரண்டு மூன்று அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். நட்ட நாள் முதலே இருந்தால் நல்லது. பகலில் கரிச்சான் குருவி அதில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் கிளியும் சில்லையும் அதிகம் வரும் இடங்களில் மட்டும், பகலில் அவை தாங்கியில் வந்து உட்காருகின்றனவா என்று கவனித்து, தேவையானால் எடுத்துவிடலாம்.

கூகைக்குப் பெட்டி வைப்பதும் உண்டு. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும், இஸ்ரேலில் தானிய வயல்களிலும் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். ஒரு முழத்துக்குக் குறையாத நீள அகலமுள்ள பெட்டி, முக்கால் சாண் வாசல். தனி மரத்திலோ களத்துக் கொட்டகையிலோ ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் வைத்து, வாசலை ஐப்பசி கார்த்திகை மழையும் வாடைக்காற்றும் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் இல்லாமல் திருப்பி வைக்க வேண்டும். உடனே கூகை வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கூகையை மட்டும் நம்பி எலியை ஒழித்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வரப்பு பருத்திருந்தால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேல் வேண்டாம். தஞ்சாவூர்க் கிட்டி இன்றும் நல்ல கருவிதான். ஏக்கருக்கு நாற்பது வைக்கலாம். ஊர் முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நட்டால், முந்திய வயலில் தின்ற எலி பிந்திய வயலுக்குப் போய்ப் பெருக இடம் இராது. சாரைப் பாம்பை அடிப்பதை விட்டாலே பாதி வேலை குறையும். எலிக்கென்று வயலில் மின்வேலி போடுவது சட்டவிரோதம். அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

எலி மருந்தில் ஒரு எச்சரிக்கை. புரோமடியலோன் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதுதான் எளிதில் கிடைக்கும் இரை. விஷம் கூகையின் ஈரலில் சேர்ந்து அதையும் கொல்லும் என்பது பல நாடுகளில் நிரூபிக்கப்பட்டுள்ளது. மருந்து வைத்தே ஆக வேண்டிய இடத்தில் வளைக்குள் வைத்து மூடி, செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். மருந்து ஒரு பக்கம், தாங்கி ஒரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்து வைப்பது கூகையை விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பதாகும்.

கணக்குத் தவறினால்

ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. வயல்களில் இரவோடு இரவாகத் தவளை பிடித்தார்கள். பூச்சி தின்னும் தவளையை விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்கும் வியாபாரம் லாபமா என்ற கேள்வி எழுந்தது. 1987-ல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது.

இந்தோனேசியாவில் இன்னும் பெரிய பாடம். மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப் பூச்சியையும் முதலில் கொன்றதுதான் காரணம். 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. வயலில் இறங்கிச் சிலந்தியை எண்ணியவர்கள் இருந்ததால்தான் அப்படி ஒரு முடிவுக்கு வர முடிந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்கூட முதலில் பெற்றது விலங்கியல் பட்டம்தான். பிறகே கோவையில் வேளாண்மை படித்தார்.

படிக்க விரும்பும் பிள்ளைக்கு

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் அடங்கிய பிரிவு எடுத்திருக்க வேண்டும். பட்டப் படிப்பில் விலங்கியல் அல்லது தாவரவியல் எடுப்பதே பாதுகாப்பு. காரணம் உண்டு. மத்திய தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல், வேளாண்மை, வனவியல் போன்ற குறிப்பிட்ட பட்டங்களையே ஏற்கிறார்கள். அழகான புதுப் பெயர் கொண்ட பட்டம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், படித்தும் விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். வனவிலங்கு, சூழலியல் ஆகியவற்றை முதுநிலையில் எடுத்துக்கொள்ளலாம்.

மன்னன்பந்தலைத் தவிர, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சூழலியல் முதுநிலை உண்டு. டேராடூனில் 1982-ல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம் நாடறிந்தது. அங்கு நுழைவுத் தேர்வு, இடமோ மிகக் குறைவு. முதுநிலைப் பாடநூல்கள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் ஆண்டு திணறத்தான் செய்யும். ஆனால் வரப்பில் நடக்கவும், வளையைப் பார்த்து எலி இருக்கிறதா என்று சொல்லவும் தெரிந்த பிள்ளைக்கு, நகரத்துப் பிள்ளை ஆறு மாதத்தில் கற்பது பிறவியிலேயே கைவந்திருக்கும்.

வேலையைப் பற்றி மூடி மறைக்க வேண்டியதில்லை. முடித்தவுடன் நிரந்தர வேலை கிடைப்பது அரிது. முதல் சில ஆண்டுகள் ஆராய்ச்சித் திட்டங்களில் உதவியாளராக, திட்டம் முடியும்வரை சம்பளம் என்ற நிலைதான் பெரும்பாலும். வனத்துறைப் பணிகளுக்குத் தமிழ்நாடு தேர்வாணையத்தின் போட்டித் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் தேவை. தேசியத் தகுதித் தேர்வில் வனவிலங்கு என்று தனிப் பாடமில்லை. உயிர் அறிவியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ எழுத வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலைக்கு, இந்த முதுநிலைப் பட்டம் விலங்கியலுக்கு ஈடாக ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். ஆகவே, கடன் வாங்கிப் படிக்க வைத்து முதல் ஆண்டிலிருந்தே தவணை கட்ட வேண்டிய குடும்பம் நன்றாக யோசித்தே இதில் இறங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவது இன்னும் இருக்கிறது. விடியுமுன் ஏரிக்கரையிலும் இரவில் வயலிலும் வேலை இருக்கும் என்பது உண்மையே. நடவுக்கும் களைக்கும் விடியுமுன் எழுந்து போகும் பெண்கள் உள்ள ஊரில் இது ஒரு பெரிய தடையாகத் தோன்றவில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இவை இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். முதுநிலை இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம், விடுதி, களப்பணிக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தொலைநோக்கி ஒன்று அவசியம் வேண்டியிருக்கும். துறையில் இரவல் கிடைக்குமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளலாம்.