அட்டைப் பெட்டிக்குள் ஒரு முப்படி வளைவு

30 சென்டிமீட்டர் சதுர மணிலா அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் சிறு சதுரங்களை வெட்டியெடுத்துவிட்டு, ஓரங்களை மேலே மடித்து ஒட்டினால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். தீபாவளிக்கு அண்டைவீட்டாருக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் வைத்துக் கொடுக்க அது போதும். எந்த அளவில் வெட்டினால் அதிகம் கொள்ளும் என்பதுதான் கேள்வி.

கொஞ்சமாக வெட்டினால் பெட்டி தாம்பாளம் போலத் தட்டையாகிவிடும். நிறைய வெட்டினால் உயரம் கூடும். ஆனால் அடிப்பகுதி ஒடுங்கிப்போய், பேனா நிறுத்திவைக்கத்தான் உதவும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நல்ல அளவு இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் கணிதம் எடுக்கும் பிள்ளைகள் முப்படிச் சார்பு என்ற பெயரில் சந்திப்பது இதைப் போன்ற கணக்குகளைத்தான். என் அக்கா மகள் உயர்நிலை மூன்றில் இருக்கிறாள். அந்தப் பாடத்தை விட்டுவிடலாமா என்ற பேச்சு இந்த ஆண்டு வீட்டில் எழுந்தது. சாதாரண முடிவல்ல அது. தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதப் பாடத்திட்டம், வருகிற மாணவருக்குக் கூடுதல் கணிதம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. ஊடகப் படிப்புப் படித்து வானொலியில் பேசிப் பிழைக்கும் என்னிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. நானாகத்தான் அட்டையும் கத்தரிக்கோலுமாகப் போய் உட்கார்ந்தேன்.

வெட்டும் சதுரத்தின் பக்கம்தான் பெட்டியின் உயரம். இரு புறமும் வெட்டுவதால் அடிப்பகுதியின் நீளம், 30-இல் அந்த அளவை இருமுறை கழித்தது, அகலமும் அப்படியே. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அதே அளவு நுழைந்துவிடுகிறது. மூன்றையும் பெருக்கும்போது அது மூன்றாம் படிக்கு ஏறிவிடும். முப்படி என்ற பெயருக்குக் காரணம் அவ்வளவுதான்.

அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். 1 சென்டிமீட்டர் வெட்டினால் 784 கன சென்டிமீட்டர். 3 வெட்டினால் 1,728. 5 வெட்டினால் 2,000, அதாவது முழு இரண்டு லிட்டர். 7 வெட்டினால் 1,792 ஆகக் குறைகிறது. 10-இல் 1,000, 14-இல் வெறும் 56. 15 வெட்டினால் அட்டையே மிஞ்சாது, விடை பூஜ்யம். உச்சம் 5-இல் இருக்கிறது. ஐந்து எட்டில் ஏறியது இறங்கப் பத்து எட்டு எடுத்துக்கொள்கிறது. இருபடி வளைவாக இருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவாக இருந்திருக்கும்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

“சித்தி, 16 போட்டாலும் விடை வருது. 64!”

“15-லயே அட்டை தீர்ந்துபோச்சே?”

“அட்டைதான் தீர்ந்துச்சு. கணக்கு தீரலையே.”

30-இல் 32-ஐக் கழித்தால் கழித்தல் 2. அதை வர்க்கப்படுத்தினால் 4. 16-ஆல் பெருக்கினால் 64. சார்புக்கு அட்டையைப் பற்றிக் கவலையில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விழுங்கி விடை சொல்லும். 20 கொடுத்தால் மறுபடியும் 2,000, அதற்குமேல் ஏறிக்கொண்டே போகும். இடப்புறம் கழித்தல் எண்களைக் கொடுத்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே பாய்கிறது. ஆக, முழு வரைபடம் இப்படி: இடக்கீழ் ஆழத்திலிருந்து ஏறிவந்து, பூஜ்யத்தில் கிடை அச்சைக் கடந்து, 5-இல் உச்சம் தொட்டு, இறங்கி, 15-இல் அச்சை லேசாகத் தொட்டுவிட்டு, திரும்பி மேலே போய்விடுகிறது. அச்சைக் கடப்பதற்கும் தொட்டுத் திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும். கையால் வரைந்தவளுக்கு அது மறக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டோம். பெட்டி சரியாக 1,000 கன சென்டிமீட்டர் கொள்ள வேண்டும், எவ்வளவு வெட்டுவது? 1,000 என்ற உயரத்தில் அளவுகோலை வைத்துக் கிடைக்கோடு போட்டாள். கோடு வளைவை மூன்று இடங்களில் வெட்டியது: ஏறத்தாழ 1.34, சரியாக 10, ஏறத்தாழ 18.66. முதல் இரண்டும் செய்யக்கூடிய பெட்டிகள், ஒன்று தட்டையானது, மற்றது கனசதுரம். மூன்றாவது காகிதத்தில் மட்டும் இருக்கும் பெட்டி. 2,000 வேண்டுமானால் கோடு உச்சியை உரசிக்கொண்டு போய் 20-இல் இன்னொரு முறை வெட்டுகிறது. 2,500 கேட்டால்? இந்த அட்டையால் முடியாது என்று கைக்குத் தெரியும். ஆனாலும் சமன்பாடு ஒரு விடை தருகிறது, 20.5-க்குச் சற்று மேலே. முப்படி வளைவு ஒரு முனையில் அடியாழத்திலும் மறுமுனையில் வானத்திலும் இருப்பதால், எந்த உயரத்தில் கோடு போட்டாலும் ஓர் இடத்திலாவது வெட்டியே தீரும். தேர்வில் மூன்று விடைகளைக் கண்டுபிடித்துவிட்டு எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு படம் போதும்.

முப்படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் இருக்கிறது. 1545-இல் இத்தாலியரான கார்டானோ தம் ‘ஆர்ஸ் மாக்னா’ நூலில் வெளியிட்டார். மூன்று விடைகளும் மெய்யெண்களாக, வெவ்வேறாக இருக்கும் இடத்தில்தான் அந்தச் சூத்திரம் கழித்தல் எண்ணின் வர்க்கமூலத்தைக் கேட்டு அடம்பிடிக்கும். பள்ளியில் அதைக் கற்றுத்தராததில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே, கவிஞர் என்று நாம் அறிந்த பாரசீகத்து ஒமர் கய்யாம், இரண்டு வளைவுகள் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தே முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்தார். படம் பார்த்துப் புரிந்துகொள்வது குறுக்குவழி என்று நினைக்கும் பெற்றோருக்காகவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் படத்தில் இன்னொன்றும் இருந்தது. 0, 5, 10, 15, 20 என்று முக்கியமான இடங்கள் எல்லாம் கோலப்புள்ளி போலச் சம இடைவெளியில் விழுந்தன. நடுப்புள்ளி 10, அங்கே கொள்ளளவு 1,000, உச்சத்தில் சரிபாதி. அந்தப் புள்ளியில் ஊசி குத்தித் தாளைத் தலைகீழாகச் சுழற்றினால் வளைவு தன் மேலேயே வந்து உட்காரும். 7-இல் 1,792, 13-இல் 208, கூட்டினால் 2,000. இது எங்கள் அட்டைக்கு வாய்த்த அதிர்ஷ்டமல்ல. எல்லா முப்படி வளைவுகளுக்கும் இப்படி ஒரு நடுப்புள்ளி உண்டு. வளைவு ஒரு பக்க வளைதலை விட்டு மறுபக்கம் வளையத் தொடங்கும் இடம் அது.

உச்சத்திலிருந்து பள்ளம் வரை இறங்கும் அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு ஒலிப்பதிவுக்கூடம் ஞாபகம் வந்தது. நான் பேசத் தொடங்கும்போது பின்னணிப் பாடலை மெல்லத் தாழ்த்த வேண்டும். நேர்கோடாகத் தாழ்த்தினால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் காதில் இடறும். அதனால் ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் எஸ் வடிவ வளைவு ஒன்றும் வைத்திருப்பார்கள்: மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக முடியும். அப்படி ஒரு வளைவை எழுத மிக எளிய வழி முப்படிச் சார்புதான். நான்கு விநாடியில் பாடலைத் தாழ்த்தினால், முதல் விநாடி முடிவில் ஒலியளவு ஏறத்தாழ 84 விழுக்காடு, இரண்டாவதில் 50, மூன்றாவதில் 16. இருபடியால் இது முடியாது. அது ஒரே பக்கம்தான் வளையும். பிடிஎஃப் கோப்பில் வளைகோடு வரையும் கட்டளைகள் முப்படியில் அமைந்திருப்பதற்கும் இந்த இரட்டை வளைவு பயன்படுகிறது. ‘ழ’ போன்ற எழுத்துக்கு எத்தனை சுழிவு, எத்தனை திரும்பல் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடத்தை விடுவதா என்ற பேச்சு இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அவள் சதுர அட்டையை விட்டுவிட்டு ஏ4 தாளுக்கு மாறிவிட்டாள். நீளமும் அகலமும் வேறாகிவிட்டதால், உச்சம் 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டி விழுகிறது. 15-இல் அச்சைத் தொட்டுத் திரும்பிய அந்த ஒரே புள்ளியும் இரண்டாகப் பிரிந்துவிட்டது: 10.5-இல் ஒன்று, 14.85-இல் ஒன்று. இடையில் வளைவு அச்சுக்குக் கீழே முங்கி எழுகிறது. கழித்தல் கொள்ளளவுள்ள பெட்டியில் எத்தனை முறுக்கு வைக்கலாம் என்று நேற்றிரவு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டாள். இன்னும் பதில் போடவில்லை.