உங்களுக்குத் தெரியுமா? தோல்வியைப் போற்றும் தேசம்

அர்ஜென்டினாவில் ஆண்டுதோறும் குத்துச்சண்டை வீரர் தினமாக அனுஷ்டிக்கப்படும் செப்டம்பர் 14, அந்நாட்டு வீரரொருவர் வாகை சூடிய நாள் அல்ல. 1923ஆம் ஆண்டில் அத்தேதியன்று, நியூயார்க் நகரத்துப் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியிடம் அர்ஜென்டின வீரர் லூயிஸ் ஆங்கெல் ஃபிர்போ தோற்றார்.

முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தப்பட்டும், ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பொருத ஃபிர்போ, அச்சுற்று முடிவதற்குள் வலக்கையால் விட்ட குத்தில், டெம்ப்சி கயிறுகளினூடே புகுந்து, மேடைக்குக் கீழே பத்திரிகை நிருபர்கள் அமர்ந்திருந்த இடத்தில் தலைகீழாய்ப் போய் விழுந்தார். அவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட, மீண்டும் மேடையேறிய டெம்ப்சி இரண்டாம் சுற்றில் ஃபிர்போவைச் சாய்த்துப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். பிறர் உதவியால் ஏறியவருக்கு ஜயம் எங்ஙனம் உரியதாகும் என்று அர்ஜென்டின ஜனங்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டென்றே சொல்ல வேண்டும்.

அன்று ஒன்பது வயதுப் பாலகனாயிருந்து, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசார், அச்சண்டையைத் தம் கட்டுரையில் நினைவுகூர்ந்ததோடு, ஹுஸ்தோ சுவாரெஸ் என்ற மற்றொரு வீரரின் அந்திம காலத்தை 'தொரித்தோ' என்னும் உருக்கமான சிறுகதையாகவும் படைத்தார். டெம்ப்சி வெளியே விழும் அந்தக் கணத்தை அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1924இல் சித்திரமாகத் தீட்டினார்.

1960இல் காலமான ஃபிர்போவின் சமாதி, போனஸ் அயர்ஸ் நகரின் ரெக்கோலேத்தா மயானத்தில், அவரது முழுவுருவச் சிலையுடன் விளங்குகிறது.