திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்பது, மாணவர் நாள்தோறும் வகுப்பறைக்கு வராமலேயே பட்டம் பெற வழிசெய்யும் உயர்கல்வி நிறுவனம் ஆகும். வேலைக்குச் செல்வோர், இல்லத்தரசிகள், இளமையில் படிப்பை நிறுத்தியவர்கள் ஆகியோர் இதில் பெருமளவில் சேர்கின்றனர். படிக்கும் இடமும் நேரமும் மாணவரின் வசதிக்கு விடப்படுகின்றன. பாடத்திட்டமும் தேர்வும் தளர்த்தப்படுவதில்லை.

தோற்றம்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969 இல் நிறுவப்பட்டு, 1971 இல் பாடங்களைத் தொடங்கியது. அச்சிட்ட பாடநூல்களோடு பிபிசியின் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளையும் அது பயன்படுத்தியது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962 இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982 இல் ஐதராபாத்தில் அமைந்தது. அது இன்று டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என அழைக்கப்படுகிறது. 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) உருவானது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னையில் நிறுவப்பட்டது. இங்குப் பல பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் படிக்கலாம்.

படிக்கும் முறை

தானே படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்ட பாடநூல்களே இக்கல்வியின் அடிப்படை. ஐயங்களைத் தீர்க்க, படிப்பு மையங்களில் பெரும்பாலும் விடுமுறை நாள்களில் ஆலோசனை வகுப்புகள் நடைபெறும். மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைவு எழுதித் தர வேண்டும். இக்னோவின் பல இளநிலைப் படிப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஒப்படைவுக்கும் 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கும் உரியது. இரண்டிலும் தனித்தனியே தேர்ச்சி பெற வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும் ஒப்படைவைத் தராததால் பட்டம் தள்ளிப்போவது உண்டு.

தேவைப்படும் காலம்

பாடத்தின் அளவு மதிப்புப் புள்ளிகளால் கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி என்பது சுமார் 30 மணி நேரப் படிப்பு. 3 ஆண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 புள்ளிகள் எனக் கொண்டால், மொத்தம் 3,600 மணி நேரம் ஆகும். வேலை முடிந்து வந்து நாளுக்கு 2 மணி நேரம் படிப்பவருக்கு இது 1,800 நாள், அதாவது ஏறத்தாழ 5 ஆண்டு. 3 ஆண்டில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். இதை எண்ணியே இக்னோ போன்ற நிறுவனங்கள் 3 ஆண்டுப் படிப்பை முடிக்க 6 ஆண்டு வரை இடம் தருகின்றன. எனவே 5 ஆண்டில் பட்டம் பெறுபவரைத் தோல்வியுற்றவராகக் கருத வேண்டியதில்லை.

பட்டத்தின் மதிப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் பெற்ற திறந்தநிலைப் பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது. இதை மானியக் குழு 2022 இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆயினும், பட்டத்தை எந்த வரிசையில் பெற்றார் என்பது அரசு வேலைக்கு முக்கியம். பள்ளிக் கல்வியை முடிக்காதவர்களையும் நுழைவுத் தேர்வு அல்லது ஆயத்தப் படிப்பின் வழியே பட்டப்படிப்பில் சேர்க்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. தமிழ்நாடு அரசோ 2009 ஆம் ஆண்டு அரசாணைப்படி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அவற்றுக்கு இணையான படிப்பு ஆகியவற்றை முடித்தபின் பெற்ற பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்கிறது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை வழியில் பெற்ற முதுகலைப் பட்டம் பணி நியமனத்துக்குத் தகுதியாகாது என அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பத்தாம் வகுப்போடு வேலைக்குச் சென்ற ஒருவர் அரசுத் தேர்வு எழுத விரும்பினால், முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ தேர்ச்சி பெற்று, அதன்பின் பட்டப்படிப்பில் சேர்வதே பாதுகாப்பானது. கூடுதல் காலம் ஆனாலும், பின்னாளில் விண்ணப்பம் தள்ளுபடியாகும் நிலை வராது.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

பல்கலைக்கழகத்துக்கு ஒப்புதல் இருந்தால் மட்டும் போதாது. சேரவிருக்கும் படிப்புக்கும் அந்தக் கல்வியாண்டுக்கும் ஒப்புதல் இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இதைச் சரிபார்க்கலாம். மருத்துவம், பொறியியல், சட்டம் முதலிய பட்டங்களை இம்முறையில் வழங்க அனுமதி இல்லை. அவற்றைத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டக் கூடாது. பதவி உயர்வுக்காகப் படிப்பவர்கள், அந்தப் பட்டம் தம் பணி விதிகளின்படி ஏற்கப்படுமா என்பதை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.